வாலில் ஒட்ட வேண்டிய எண்

மச்சான்,

மகளின் கல்யாணப் பத்திரிகைக்கு மாதிரி பார்க்கலாம் என்று இன்று சேவியர் பிரஸ்ஸுக்குப் போனேன். படியேறும்போதே ஸ்கிரீன் பிரிண்டிங் மை வாசனை மூக்கில் ஏறிவிட்டது. எந்த அட்டை, என்ன நிறம் என்று யோசிக்க வேண்டிய தகப்பன், கையிலிருந்த மாதிரியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உங்கள் விமானத்தை நினைத்தபடி நின்றிருக்கிறேன். சேவியர் பார்த்துவிட்டார். "என்னண்ணே, மறுபடி ஏரோப்ளேனா? நான் ஊரவிட்டே போயிருவேன், ஆமா!"

அவர் பட்ட பாடு அப்படி.

நீங்கள் விமானப்படையில் மெக்கானிக். நான் உங்கள் தங்கையைக் கட்டிக்கொண்ட சைக்கிள் கடைக்காரன், பத்தாம் வகுப்பில் இங்கிலீஷ் மட்டும் என்னோடு ஒத்துழைக்கவில்லை. வேலையில் இருந்த காலத்தில், தொண்ணூறுகளில், வெளிநாடு போய்வந்த ஓர் அதிகாரியிடம் சொல்லி அந்தப் பெட்டியை வாங்கினீர்கள். நீங்கள் வருஷக்கணக்கில் பார்த்துப் பார்த்துப் பறக்கவிட்ட அதே சின்ன ஜெட், துண்டு துண்டாக, பிளாஸ்டிக்கில். ஓய்வு பெற்றதும் செய்யலாம் என்று பீரோ மேல் வைத்திருந்தீர்கள். ஓய்வு வந்தது, கூடவே சர்க்கரையும் வந்தது. இடது கண் போனது. வலது கண்ணும் கொஞ்ச நாள்தான் என்று மதுரை டாக்டர் சொன்ன அன்று சாயங்காலமே பெட்டியை இறக்கி என் முன்னால் வைத்தீர்கள்.

"என் வண்டி நம்பர் நாப்பத்தேழுல முடியும் மாப்ளே. வேற ஊருக்கு மாத்திக் கொண்டுபோனாங்க, அதோட சரி. அந்த நம்பரோட ஒரு தடவ பாத்துட்டேன்னா போதும். அப்புறம் கண்ணு போனா போகட்டும்."

கை உங்களுக்கு நடுங்கியது. அதனால் கட்டுகிற வேலை என் தலையில். ஸ்பேனர் பிடித்த விரலில் நெல்மணி அளவு பாகத்தைப் பிடித்தால் அது எங்கே நிற்கும்?

"இது ரிம்முல கோட்டம் எடுக்குற வேலையில்ல மாப்ளே. செத்த மெதுவா."

"மூணு சக்கரம் இருக்குன்னுதான் மச்சான் நானே ஒத்துக்கிட்டேன்."

ஒருவழியாகக் கட்டி, வெள்ளி பெயிண்டும் அடித்தாயிற்று. மிச்சம் இருந்தது ஸ்டிக்கர். தண்ணீரில் ஊறவைத்து நழுவவிட்டு ஒட்டுகிற வகை. சைக்கிளுக்குப் பெயிண்ட் அடித்தால் கம்பெனிப் பெயரை நாங்களும் அப்படித்தான் ஒட்டுவோம். "இது என் தொழில், நீங்க பேசாம இருங்க" என்று சட்டைக் கையை மடித்தேன். தாள் பழசு. அரை நிமிஷத்தில் விமானப்படையின் மூவண்ண வட்டமும் எண்களும் நொறுங்கி, ரசத்தில் கொத்தமல்லி போல மிதந்தன. பூதக்கண்ணாடியோடு தட்டின் மேல் குனிந்தீர்கள்.

"நம்பரும் போச்சா?"

"போச்சு மச்சான்."

"அப்ப வேற தேடுங்க" என்றீர்கள், கடைக்குப் போய் உப்பு வாங்கி வரச் சொல்வது போல.

தேடினேன். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ரேடியம் ஸ்டிக்கர் வெட்டுகிறவர், "வேல் இருக்கு, சிலுவை இருக்கு, பிறை இருக்கு. ஏரோப்ளேன் நம்பர் எவனும் கேட்டதில்லையே" என்றார். அவர் வெட்டிக் கொடுத்த எண்ணை வைத்துப் பார்த்தால், அத்தனை பெரிசு, வாலையே காணோம். மதுரைப் பொம்மைக் கடைக்காரர் சாவி கொடுத்தால் ஓடும் ஹெலிகாப்டரை என்னிடம் தள்ளப் பார்த்தார். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து வெளிநாட்டுக்கெல்லாம் எழுதச் சொன்னேன். பதில் வந்தது. அதில் ‘சாரி’ என்ற வார்த்தை யார் உதவியும் இல்லாமல் எனக்கே புரிந்தது.

ஒவ்வொரு சாயங்காலமும் கேட்பீர்கள். "கெடச்சுதா?"

"இல்ல மச்சான்."

"சரி. நாளைக்கு எங்க?"

விட்டுவிடுங்கள் என்று ஒருநாளும் நீங்கள் சொல்லவில்லை. அதனால் எனக்கும் விடத் தெரியவில்லை.

விடை என் கடையிலேயே தொங்கியது. சைக்கிள் ஸ்டிக்கர் தாளில் ஓரமெல்லாம் அச்சில்லாத வெறும் பசைத்தாள். அதில் எண்ணை அடித்து மேலே வார்னிஷ் பூசினால் அதுவும் தண்ணீரில் நழுவும்தானே? அள்ளிக்கொண்டு சேவியரிடம் ஓடினேன்.

"கல்யாணப் பொண்ணு பேர இம்புட்டுச் சின்னதா அடிச்சா அவுக அப்பன் என்னைய அடிக்க வருவாருண்ணே" என்றார். மூன்று நிறத்துக்கு மூன்று ஸ்கிரீன். முதல் தடவை காவி, வெள்ளையின் மேல் ஏறிப் படுத்துக்கொண்டது. அடுத்த தடவை பச்சை ஓடியது. "வேகமாப் பறக்கயில அசைஞ்சிருச்சுன்னு சொல்லிருங்கண்ணே." நான் நகரவில்லை. முகூர்த்த மாதம், அவருக்கு மூச்சுவிட நேரமில்லை. இருந்தும் தினமும் மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு அவர் மேஜை அருகில் போய் நின்றேன்.

அந்த வாரத்தில்தான், பட்டப்பகலில், "கரண்டு போயிருச்சா?" என்று கேட்டீர்களாம். வலது கண்ணும் போயிருந்தது.

"இனிமே எதுக்குங்க அது?" என்றாள் உங்கள் தங்கை. சட்டையை மாட்டிக்கொண்டு பிரஸ்ஸுக்குப் போனேன்.

கடைசியில் ஒரு தாள் சரியாக வந்தது. பத்திரிகை அடிக்கிற மை, கெட்டியாகப் புடைத்துக்கொண்டு நின்றது. வட்டம் ஊத்தப்பம் மாதிரி. வெட்கமாக இருந்தது. ஆனாலும் ஒட்டி, காயவைத்து, விமானத்தைக் கொண்டுவந்து உங்கள் மடியில் வைத்தேன்.

மூக்கிலிருந்து தடவினீர்கள். இறக்கையில் வட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றினீர்கள். வாலில் விரல் நின்றது.

"நாலு." விரலை நகர்த்தி, "ஏழு."

நான் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன். உங்களுக்குத் தெரியாது என்ற தைரியம்.

"மாப்ளே, ஏழு சாஞ்சிருக்கு."

"நேராத்தான மச்சான் இருக்கு?"

"கண்ணு இருக்குற ஆளு பேசப்படாது. மூடிக்கிட்டுத் தொட்டுப் பாருங்க."

மூடிக்கொண்டு தொட்டேன். சாய்ந்துதான் இருந்தது, மயிரிழை. கம்பெனி ஸ்டிக்கராக இருந்திருந்தால் விரலுக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது. சேவியரின் ஊத்தப்பம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. ஊறவைத்து எடுத்து வேறொன்று ஒட்டினேன். அதுவும் சாய்வு என்றீர்கள். மூன்றாவதைத் தடவிவிட்டுத்தான் விமானத்தின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினீர்கள். "இப்பப் போகலாம்." அன்று ராத்திரி பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்கினீர்கள் என்று வீட்டில் சொன்னார்கள்.

நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது, மச்சான். சைக்கிளை முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு ரிம், ஹேண்டில்பார், ஒவ்வொரு கம்பியாக விரலை ஓட்டுகிறேன். "ஏலே, சத்தம் போடாத, முதலாளி ஜெபம் பண்றாரு" என்று வாசலில் பேசிக்கொள்கிறார்கள். நான் திருத்துவதில்லை. விரல் எங்காவது தயங்கினால், வாங்க வந்தவர் எவ்வளவு அவசரத்தில் நின்றாலும், வண்டியைத் திரும்ப உள்ளே உருட்டிக் கழற்ற ஆரம்பித்துவிடுகிறேன்.