ஆனி மாதம் வரைக்கும் கோபம்

சேரப்பணஞ்சேரி
22-11-91

அன்பு மருமகள் மதிவதனிக்கு உன் தாய்மாமன் முனிரத்தினம் எழுதிக்கொண்டது. இங்கே நான், உன் அத்தை பாஞ்சாலி, சினையாக இருக்கும் சிவப்பு மாடு எல்லோரும் நலம். அங்கே நீயும் உன் கால் கட்டைவிரல் இரண்டும் நலமா? லெனின்கிராடு என்கிற பேரையே மாற்றிவிட்டார்களாமே, நான் பழைய பேர் புதுப் பேர் ரெண்டையும் எழுதியிருக்கிறேன், எந்தப் பேரில் ஊர் இருக்கிறதோ அதில் வந்து சேரட்டும்.

நீ பயந்துகிடக்கிற விஷயத்துக்கு முதலில் வருகிறேன். கல்யாணம் நின்றுவிட்டது. அடியோடு நிற்கவில்லை, என் கோபத்தில் சிக்கி நிற்கிறது. ரஷ்யாவே உடையுது பொண்ணுக்கு அங்கே இன்னா வேலை என்று உன் அப்பா அண்ணாதுரை குதித்து, ஸ்ரீபெரும்புதூர் ரோட்டுக் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருக்கிற சிவசங்கரைப் பேசி, தை மாதம் முகூர்த்தம் என்று முடிவே பண்ணிவிட்டார். நீயோ ஆனியில் பாலே ஆட்டப் பரீட்சை, தேறினால்தான் பெரிய மேடை, அதுவரைக்கும் கூப்பிடாதீங்க மாமா என்று மை கலைய அழுது எழுதியிருக்கிறாய். நான் எட்டாவது படித்தவன், அந்தக் காலத்தில் ஹெட்மாஸ்டருக்கே கணக்கில் சந்தேகம் வந்தால் என்னைத்தான் கூப்பிடுவார், உட்கார்ந்து யோசித்தேன். பையன் மேல் குறை சொல்ல வழியில்லை, ஓ.டி. பார்த்து உழைக்கிற நல்ல பையன். ஆகவே குறை சபையில்தான் வரவேண்டும்.

வெற்றிலைபாக்கு மாற்றுகிற அன்றைக்குப் பையனின் மேனேஜர் ஜீப்பில் வந்தார். நானே அவரை முன்னால் உட்கார வைத்து, மாப்ளே பெரிய மனுஷன் வந்துகீறாரு நல்லா கவனி என்று உன் அப்பா காதில் ஓதிவிட்டுக் கால் கழுவப் பம்புசெட்டுக்குப் போனேன். ரொம்ப நேரம் கழுவினேன், பிறந்ததிலிருந்து என் கால் அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை. திரும்பி வந்து பார்த்தால் தாய்மாமனுக்குத் தரவேண்டிய முதல் தாம்பூலம் மேனேஜர் மடியில்! துண்டை உதறித் தோளில் போட்டேன். தாய்மாமன் நான் உசுரோட கீறப்பவே மரியாதை இல்லியா, எவன் மாலை எடுத்துக் குடுத்து இந்தக் கல்யாணம் நடக்குதுன்னு பாத்துடறேன் என்று நான் போட்ட சத்தத்தில் ஒரகடம் ரோட்டில் பஸ்ஸே நின்றுவிட்டது. பையனுடைய அம்மா கோவிந்தம்மா எழுந்து, தாய்மாமன் மனசு நொந்த வூட்ல நாங்க பொண்ணு எடுக்க மாட்டோம், மொதல்ல அவர சமாதானம் பண்ணுங்க என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து நான் கோபம். லேசான வேலை இல்லை. தீபாவளிக்கு உன் வீட்டுக் கறிக்குழம்பு போச்சு, உன் அத்தை குழம்போ மாடே மோந்து பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ளும். போன ஞாயிற்றுக்கிழமை உன் அப்பா வேட்டி, துண்டு, சேவலோடு வந்து தப்புதான் மச்சான் வுட்டுடு என்றபோது எனக்கு மனசு இளகிவிட்டது. சேவல் நல்ல எடை. சரி என்று சொல்ல வாயைத் திறக்கிறேன், பின்னால் நின்ற உன் அம்மா மரகதம் கண்ணைத் துடைக்கிற மாதிரி முந்தானையை மூஞ்சியில் போட்டுக்கொண்டு, அண்ணே ஆனி வரைக்கும் தாங்கு என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. அப்போதுதான் நினைவு வந்தது, அண்ணே கால்ல சேறு கீது போய் கழுவிகினு வா என்று அன்றைக்கு என்னைப் பம்புசெட்டுக்கு அனுப்பியதே அவள்தான். ஆனாலும் யோசனை என்னுடையதுதான், அதை மறந்துவிடாதே. சேவலைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

டீக்கடையில் உன் புகழ்தான். ஒற்றை விரலில் அரைமணி நேரம் நிற்கிறாய், ராஜாவே எழுந்து கைதட்டினார் என்றேன். அங்கே ஏதுய்யா ராஜா என்று வாத்தியார் எழிலரசன் மடக்கினார். இவள் ஆட்டத்தைப் பார்க்கவே ஒருத்தரைத் திரும்பக் கொண்டுவரப் போகிறார்களாம் என்று சொல்லிவிட்டேன். சீக்கிரம் தேறிவிடு, அடுத்து என்ன சொல்வதென்று எனக்கே தெரியவில்லை. நான் அனுப்பிய சலங்கை உங்கள் ஆட்டத்துக்கு ஆகாது என்று உன் ரஷ்ய டீச்சரம்மா கதவில் மாட்டிவிட்டாளாமே, இருக்கட்டும், யார் உள்ளே வந்தாலும் நம் சலங்கையைத் தாண்டித்தானே வரவேண்டும். ராத்திரி விரலுக்கு விளக்கெண்ணெய் தடவ மறக்காதே.

இனி உன் அப்பா உன்னையே தூது விடுவார், மாமாவை சமாதானம் ஆகச் சொல்லி எழுதும்மா என்பார். எழுது. கல்லும் கரைகிற மாதிரி எழுது, நடுவில் ரெண்டு சொட்டுத் தண்ணீர் தெளித்துக்கொள். அதை நான் டீக்கடை நடுவில் உட்கார்ந்து எல்லோர் காதிலும் விழ உரக்கப் படித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, முடியாது என்று சொல்கிறேன். நம் முத்தாலம்மன் உன் விரலோடு நிற்பாள்.

உன் அப்பா மேல் தீராத கோபத்தில் இருக்கும்
தாய்மாமன்
முனிரத்தினம்