மேடை இல்லாத கூட்டம்

என் கோபக்காரிக்கு,

நன்றாக இருக்கிறேன். வேலையைப் பற்றி மட்டும் இப்போது கேட்காதே.

டெக்சாஸில் ஒருத்தி சாப்பாடு கொடுத்து, "வெனிசுவேலாக்காரங்க எல்லாரும் வாங்க, வேலை, வீடு எல்லாம் ரெடி" என்று எங்களை விமானத்தில் ஏற்றிவிட்டாள். இறங்கினால் எங்கோ வடக்கே ஒரு சின்னத் தீவு, எதிரே ஒரே கேமரா. நம் மரக்கைபோவில் கட்சிக்காரன் அரிசிப் பை கொடுத்து பஸ்ஸில் ஏற்றினால் எதற்கென்று உனக்குத் தெரியுமே. அந்தப் பழக்கத்தில் நான் சிரித்துக்கொண்டே கைதட்டினேன். எல்லோரும் தட்டினார்கள்.

என்னோடு வந்த எவுதிஸ் என்ற பையன்தான் முதலில் நிறுத்தினான். "அண்ணே, மேடை எங்க? தலைவரக் காணோமே?"

தேவாலயத்திலிருந்து நம் பாஷை தெரிந்த ஓர் அம்மா போர்வைகளோடு ஓடி வந்தார். "நீங்க வர்றீங்கன்னு யாருமே சொல்லலயேப்பா!" ஏற்றிவிட்டவளுக்குப் போன் போட்டோம். எடுக்கவில்லை. இது ஏதோ அரசியல்வாதி வேலை, யாரென்று தெரியவில்லை என்கிறார் அந்த அம்மா.

என் அடைக்கல விசாரணை திங்கட்கிழமை, அதே டெக்சாஸில். இங்கிருந்து எப்படிப் போவது என்று கேட்டால் அந்த அம்மா மறுபடி காப்பி ஊற்றுகிறார்.

டிவியில் நான் கைதட்டுவதைக் காட்டினால், அப்பா சந்தோஷமாக இருக்கிறார் என்று பிள்ளைகளிடம் சொல்.

யாருக்காகத் தட்டினேன் என்றுதான் எனக்கு விளங்கவில்லை. நம் ஊரில் கூட்டம் முடிந்தால் வீட்டிலாவது கொண்டுவந்து விடுவான்.

உன் வீட்டுக்காரன்