கல்யாணம் காட்டிய கம்ப்யூட்டர்

12.9.88
தன் டைப்ரைட்டிங் பள்ளியைக் கம்ப்யூட்டர் சென்டராக்கும் முதலாளி முத்துராமலிங்கம் இன்று நான்கு கலர் மானிட்டர்களை இறக்கினார். மூடிப்போன வீடியோ கடைச் சரக்காம். மீன் வாங்கினால்கூடச் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள். இவர் மானிட்டரின் பின்பக்கத்தைத் திருப்பியும் பார்க்கவில்லை. நம் கம்ப்யூட்டரோடு இது சேராது.

இதற்குத்தான் தினமும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்கு பஸ்ஸில் நசுங்கி வருகிறேன்.

13.9.88
விளக்கிப் பார்த்தேன். கம்ப்யூட்டர் ஒவ்வொரு நிறத்துக்கும் உண்டு, இல்லை என்ற இரண்டு பதில்தான் அனுப்பும். இந்த மானிட்டரோ எவ்வளவு என்று கேட்கிற ரகம். நடுவில் ஒரு சின்ன சர்க்யூட் வேண்டும், நானே செய்கிறேன், டிப்ளமோவில் படித்ததுதான் என்றேன்.

"நீ பாடம் நடத்த வந்த பொண்ணும்மா. ஒயர் வேலைய ஆண்டிச்சாமி பாத்துக்கிடுவான்."

ஆண்டிச்சாமி அவருடைய அக்கா மகன். தகுதி அவ்வளவுதான்.

15.9.88
அந்த மேதை வந்தான். இரண்டு பக்க ஒயரையும் வெட்டி, சிவப்பைச் சிவப்போடும் பச்சையைப் பச்சையோடும் முறுக்கினான். திரையில் வெறும் கோடு. பிறகு வீடியோ டெக்கைச் செருகினான். ஒரு கல்யாண கேசட் ஜோராக ஓடியது.

"பாத்தியா! மானிட்டர்ல குத்தமில்ல. கோளாறு கம்ப்யூட்டர்லதான்" என்றார் முதலாளி. இந்த மூளையை வைத்துக்கொண்டு எப்படித்தான் ரோட்டைத் தாண்டுகிறாரோ.

2.10.88
மகளென்றும் பார்க்காமல் அத்தா கறாராகச் சொல்லிவிட்டார். "டிசம்பர் வரைக்கும் பாப்பேன். சென்டர் நடக்கலைன்னா வத்திராயிருப்பு மாப்பிள்ளை வீட்டுக்குச் சரின்னு சொல்லிருவேன்."

இந்த மடையர்கள் கையிலா என் வாழ்க்கை?

20.10.88
விஜயதசமி. திறப்பு விழா. எழுதவே கூசுகிறது.

நான்கு மானிட்டரிலும் டெக்கிலிருந்து அதே கல்யாண கேசட்! எதோடும் சேராத கீபோர்டுகளைப் பிள்ளைகள் தட்டிக்கொண்டிருந்தார்கள். சந்தனம் பூசிய பெரிய மனிதர்கள் வாயைப் பிளந்து நின்றார்கள். அவர்களில் பால்சாமி என்கிற பஞ்சு வியாபாரி கத்தினார்: "ஏலே, இது நம்ம வெள்ளைத்தாய் கல்யாணம்லா! அந்தா, பந்தியில நான் இருக்கேன்!"

"கம்ப்யூட்டர்ல எல்லாம் பதிவாகும் அண்ணாச்சி" என்றார் முதலாளி, கொஞ்சமும் கூசாமல். கை தட்டினார்கள். தட்டினார்கள்!

அத்தாவும் கடையை அடைத்துவிட்டு வந்திருந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது சொன்னார்: "கம்ப்யூட்டர்ல கல்யாணந்தான் காட்டுவாகன்னா, அத நம்ம வீட்டுலயே நடத்திருவோமே."

ராத்திரி முழுக்க அழுகை. போங்கடா நீங்களும் ஒங்க சென்டரும்.

7.11.88
நாளை தீபாவளி. முதலாளி ஜவுளி எடுக்கப் போயிருந்தார். ரெசிஸ்டர்களைச் சோல்டர் செய்து, அந்தச் சின்ன சர்க்யூட்டைச் சோப்பு டப்பாக்களில் அடைத்து, கம்ப்யூட்டருக்கும் மானிட்டருக்கும் நடுவில் மாட்டினேன். வந்தது! எழுத்து, கோடு, கலர், எல்லாம். பிரவுன் மட்டும் மஞ்சளாகத் தெரிகிறது.

11.11.88
வருகிறவர்களிடமெல்லாம் முதலாளி சொல்கிறார்: "எல்லாம் எங்க ஆண்டிச்சாமி கைவேல." ஆண்டிச்சாமி தலையைச் சொறிந்துகொண்டு சிரிக்கிறான்.

நான்கு டப்பாக்களையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். இனி அந்தப் பக்கம் போவதாக இல்லை. கைவேலைக்காரன் இன்னொரு தடவை செய்யட்டுமே.

14.11.88
நடந்ததை அத்தாவிடம் சொன்னேன். நம்பவில்லை என்று முகமே சொன்னது. ஞாயிற்றுக்கிழமை வத்திராயிருப்பிலிருந்து வருகிறார்களாம்.

20.11.88
வந்து உட்கார்ந்திருந்தார்கள். நான் டீத்தட்டோடு வெளியே வருகிறேன், வாசலில் முதலாளி! பின்னால் ஆண்டிச்சாமி, தோளில் ஒரு மானிட்டர்.

"மாஜிதா, பிள்ளைக வந்துட்டு வந்துட்டுத் திரும்பிப் போகுதுக. இவன் ரெண்டு மானிட்டரப் புகைய விட்டுட்டான். நீ வந்தாத்தான் ஆகும்."

அத்தா எழுந்தார். "அந்த டப்பா எம் மக செஞ்சதா?"

"ஆமா பாய்."

"அத இவிய முன்னாலயும் ஒருக்கச் சொல்லுங்க."

சொன்னார். மாப்பிள்ளையின் அம்மா, கல்யாணத்துக்குப் பொறவு வேலைக்கெல்லாம் எதுக்கு என்றார். அத்தா என் கையிலிருந்து தட்டை வாங்கிக்கொண்டார்.

2.1.89
நேற்று அத்தா தனியாக வத்திராயிருப்புக்குப் போய்விட்டு வந்தார். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"இல்லைன்னுட்டேன்."

என் பஸ் பாஸை எடுத்து மேசைமேல் வைத்தார்.

நான் திரும்பிப் போய் டப்பாக்களை மாட்டி ஒரு மாசமாகிறது. சென்டரில் பிரவுன் இன்னும் மஞ்சளாகத்தான் தெரிகிறது. முதலாளி தினமும் கேட்கிறார். சரிசெய்ய எனக்கு அரைமணி நேரம் போதும். முதலில் ஆண்டிச்சாமியைக் கேட்கட்டும்.