கரண்ட்டுப் பூ

உத்திரமேரூர்
28-11-83

சௌபாக்கியவதி கனகாவுக்கு அம்மா ஆசீர்வாதம். பெருமாள் புண்ணியத்தில் நானும் நைனாவும் சுகமாக இருக்கிறோம், நாக்பூர் குளிரில் உன்னையும் மாப்பிள்ளையையும் அவரே பார்த்துக்கொள்ள வேண்டும்.

சித்தப்பா கேட்கிறபடி தோட்டத்தை எழுதிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருங்கள் என்று எழுதியிருக்கிறாய். மாட்டேன். உன் தாத்தா என் பேருக்கு எழுதி வைத்த இடம் அது. நடுவில் மதில் எழுப்பி வெயிலை மறைத்ததும் உன் சித்தப்பா வேதகிரிதான், வெயில் இல்லாத எடத்த வெச்சிக்கினு இன்னா பண்ணப் போறீங்க அண்ணி, ஒரு பூவாவது பூக்குமா என்று கேட்கிறதும் அவர்தான். வெயிலே இல்லாம வூட்டுக்குள்ளயே பூக்க வைக்கிறேன் பாருங்க தம்பி என்று சொல்லிவிட்டுச் சாமந்தித் தொட்டிகளைச் சாமி அறைக்குள் கொண்டுவந்து வைத்தேன்.

முதலில் குண்டு பல்பு போட்டேன், கிட்டே வைத்தால் இலை கருகுகிறது, தூக்கிக் கட்டினால் செடி கொக்குக் கழுத்தாட்டம் நீண்டு சாய்கிறது. பிறகு ட்யூப் லைட் வாங்கிச் செடித் தலைக்கு ஒரு சாண் மேலே கயிற்றில் கட்டினேன், சூடும் இல்லை, கரண்ட்டும் குறைச்சல்தான், மீட்டரைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். செடிக்கு ட்யூப் லைட்டு, எனக்கு சிம்னியா என்று நைனாவுக்குக் கிண்டல். ஆனால் இலை தழைத்ததே தவிர மொட்டு இல்லை. தப்பு என்னுடையது, சாமி அறை விளக்காயிற்றே, அணைக்கலாமா என்று ராப்பகலாக எரியவிட்டிருந்தேன். ஐப்பசி மழையில் பொழுது சாய்ந்தால் கரண்ட் போய் விடிந்துதான் வந்துகொண்டிருந்தது, மழை விடுவதற்குள் மொட்டு தலைகாட்டியது. செடியும் இருட்டில் தூங்க வேண்டாமா என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இப்போது அகலை ஏற்றியதும், குளிர்ந்திரு தாயே என்று சொல்லி ட்யூப் லைட் ஸ்விட்சைத் தட்டிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை சித்தப்பா பத்திரத்தோடு வந்தார். எதற்கு வம்பு, போட்டுடேன் என்று நைனா பேனா மூடியைக்கூடக் கழற்றி என்னிடம் நீட்டிவிட்டார். நான் சாமி அறைக் கதவைத் திறந்து காட்டினேன், மஞ்சளாக ஒன்று விரிந்திருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கரண்ட்டுப் பூவ சாமி ஏத்துக்குமா அண்ணி என்றார். ஏத்துக்கலன்னா நான் தலையில வெச்சிக்கிறேன், கையெழுத்து மட்டும் கெடையாது என்றேன். நைனா பேனாவை மூடிக்கொண்டார்.

இனித் தோட்டத்தை விடு என்று எழுதுவதானால் எழுத வேண்டாம், மற்றபடி கடிதம் போடாமல் இருக்காதே. ஸ்வெட்டர் இல்லாமல் வாசலில் நிற்காதே. பொங்கலுக்கு வரும்போது நிழலில் படர்கிற கொடி ஏதாவது கிடைத்தால் கொண்டு வா. மதில் அவர் கட்டியதாகவே இருக்கட்டும், இந்தப் பக்கம் நம்முடையது. இருவரும் தீர்க்காயுசாக இருங்கள்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஆண்டாளம்மாள்