செல்லி தொறையில குரல் குடுக்காத நாளு

சித்திர மாசம், 2006

மகன் பிரதாப்புக்கு உங்கப்பன் திம்மப்பன் சொல்ல, எதுத்தூட்டு லாவண்யா எழுதறது. இன்னிக்கி அதுக்கு கம்பெனி லீவு. நான் இருக்கறேன், சோறு எறங்குது, தூக்கமும் வருது. கத்தார்ல நீ நேரத்துக்கு சாப்புட்டு சொகமா இருக்கணும். எரும கெடேரி கன்னு போட்டுருக்குது. அம்மா கடைசியா என்ன சொன்னான்னு போன்ல மூணு தடவ கேட்ட, தெரியாதுன்னு வெச்சிட்டேன். தெரியும். அத சொல்லத்தான் இந்த காயிதம்.

நம்ம பரிசல் தொறைக்கி செல்லி தொறைன்னு பேரு வந்த கதைய உனக்கு நான் சொன்னதில்ல. ஆத்துக்குள்ள நீட்டி கட்டுன அந்த கல்லு மேட, புளி மூட்ட எறக்கறதுக்கு போட்டது. அப்ப பரிசல் எல்லாம் எருமத்தோலு, இப்ப மாதிரி தார் பூசுன சாக்கு இல்ல, நாத்தத்துக்கு பொண்ணுங்க மூக்க பொத்திக்கினு ஏறுவாங்களாம், அது கெடக்கட்டும். செல்லின்னு ஒரு மாசமான பொண்ணு அக்கரையில நின்னு கூப்ட்டுருக்கறா. பரிசல்காரன் சோத்துல கைய வெச்சிருந்தான், தின்னுட்டு போலாம்னு பேசாம இருந்துட்டான். ஆளே இல்லன்னு நெனச்சி அவளே தண்ணியில எறங்கிட்டா, ஆறு இழுத்துக்கிச்சி. வர்றேன்னு ஒரு குரல் குடுத்திருந்தா நின்னிருப்பா. அதுல இருந்து இந்த தொறையில பரிசல் போடறவன் எப்ப போனாலும் சரி, கூப்ட்டா ஒடனே குரல் குடுக்கணும். முப்பது வருசம் குடுத்தேன். வாயில பீடி இருந்தா துப்பிட்டு குடுப்பேன்.

பங்குனியில புதுப்பாலம் தொறந்தாங்க, பரிசல கவுத்துட்டேன். டீக்கடையில ராமப்பன், என்னா திம்மப்பா, இனிமே உன்ன எவன் கூப்புடுவான், ஈ ஓட்டுன்னு சிரிச்சான். சுருக்குன்னு இருந்துச்சி. அன்னிக்கி உச்சி வெயில்ல உங்கம்மா பாரூர் சித்தி ஊட்டுல இருந்து வந்து, பழக்கத்துல அக்கரையில நின்னு கூப்ட்டா. கேட்டுச்சி. பாலம் இருக்குதே, சுத்தி வரட்டும்னு தொறை கொட்டாயில படுத்தே கெடந்தேன். மூணு வாட்டி கூப்ட்டா, அப்பறம் சத்தம் இல்ல. பாலத்துக்கு ஒன்ற மைலு. முட்டிவலியோட நடந்து போயி நடுப்பாலத்துல வுழுந்துட்டா, அங்கயே உசுரு போயிடிச்சி. வெயில் தாங்கலன்னு உனக்கு சொன்னாங்க. வெயிலுதான். நான் குரல் குடுத்திருந்தா அக்கரையில புங்க மரத்து நெழல்ல ஒக்காந்திருப்பா.

வேணாம் பெரிப்பான்னு லாவண்யா பேனாவ வெச்சிட்டா, எழுது கண்ணுன்னேன். எனக்கு இன்னும் அழுக வரல. புருசன் பேர சொல்லக்கூடாதுன்னு, நீ பொறந்ததுல இருந்து உம் பேர வெச்சிதான உங்கம்மா என்ன கூப்புடுவா. அன்னிக்கும் அதான். பிரதாப்பு அப்போவ், பிரதாப்பு அப்போவ்னு. கடைசியா அவ வாயில வந்தது உம் பேருதான்.

முனியப்பன் தொணயிருக்க நீ நல்லா இருக்கணும் சாமி. அங்க வேல செய்யறப்ப தலையில ஈரத்துணி கட்டிக்கோ. பதில் போடறதும் போடாததும் உன் இஷ்டம், கோவிச்சிக்க மாட்டேன்.

கைநாட்டு,
உங்கப்பன் திம்மப்பன்