கருங்குழி அடைத்த காரணம்

காற்று பொய்க்காதிருக்க, கிணறு வற்றாதிருக்க, தொட்டிலில் கிடப்பவை இருமாதிருக்க!

மாகோடை நாட்டின் ஏழு மலைக்கும் இரண்டு ஆற்றுக்கும் உடையவரும், பகையரசர் மூவரை வாளெடாமல் வணங்கவைத்தவருமான கோமகள் வில்லவநங்கையார் திருவாய் மொழிந்தருள, ஓலைநாயகம் தத்தன் எழுதிய திருமுகம் இது. ஏழு நாட்டுச் சபையோரும் எதிர்கொண்டு பெற்று, தலைமேல் வைத்து, பின்பு வாசிக்கக் கடவர். கடைசி ஏடு வரைக்கும் வாசிக்கக் கடவர். பாதி ஏட்டிலேயே வாதாடத் தொடங்குவது சபையோர் வழக்கம் என்பதை அரண்மனை அறியும்.

உங்கள் முறையீடு ஏழும் வந்து சேர்ந்தன. மேல்கணவாயில் காற்றுச் சக்கரங்கள் பாதிகூட எழும்பாதிருக்கையில், நாடு முழுவதற்கும் கரிக்கல் தந்த கருங்குழியை ஒரே பகலில் பாறை வைத்து அடைத்தது என்ன நீதி என்றும், உலை அவிந்த கொல்லரும் சூளை ஆறிய குயவரும் யார் வாசலில் போய் நிற்பார்கள் என்றும் கேட்டிருந்தீர்கள். கேட்டது தவறில்லை, அடுப்பு அவிந்தவன் கேட்கத்தான் செய்வான். காரணம் சொல்லாமல் கட்டளை மட்டும் அனுப்பினால் நீங்கள் அடங்கப் போவதில்லை என்பதால், நடந்ததை நடந்தபடியே எழுதப் பணித்தருளினார் கோமகள். அவரவர் சொன்ன சொல்லை அவரவர் வாயில் வந்தபடியே எழுதுவது ஓலைச் சட்டம் ஆதலால், கொச்சையாய் இருந்தாலும் பொறுத்தருள்க.

கரியா காற்றா என்ற வழக்கு பேரவையில் ஓராண்டு நடந்ததை அறிவீர்கள். புகை படிந்து வெண்பருத்தி விளைந்த காட்டில் சாம்பல் பருத்தி விளைகிறது, பிள்ளைகள் மார்புச் சளியோடு பிறக்கிறார்கள், ஆகவே காற்றால் சுழலும் சக்கரங்களைக் கொண்டு உலைத்துருத்தியும் நீரிறைப்பும் நடத்துவோம் என்றது ஒரு பக்கம். மறுபக்கம் கரிவணிகர் தலைவர் எட்டி பூவணன் எழுந்து, காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்று சொன்ன முன்னோர், காற்றில்லாத நாளில் எதைத் தூற்றுவது என்று சொல்லாமல் போய்விட்டார்களே என்று கேட்டுச் சபையைச் சிரிக்கவைத்தார். சிரிப்பு அடங்கியதும், கரி வெட்டிப் பிழைக்கும் குடிகளுக்கு யார் சோறு போடுவது என்றார். ஆகவே குழியில் இறங்குகிறவர்களையே கேட்போம், அவர்கள் சொல்வதே முடிவு என்று கோமகள் தீர்ப்பளித்தார்.

கேட்டு வரும் பணியை அமைச்சர் மழவராயர் தாமாக முன்வந்து ஏற்றார். அவர் பிறந்தது கருங்குழி ஊரில்தான். எட்டு வயதில் மாமனோடு தலைநகருக்குப் படிக்க வந்துவிட்டார்; தம்பி ஒருவன் ஊரிலேயே தங்கிக் குழியில் இறங்கினான். ஏழாண்டுக்கு முன்பு தென்சுரங்கம் இடிந்து இருபத்துமூவர் உள்ளே போனபோது அவனும் போனான். ஒருவர் உடலும் மேலே வரவில்லை. அந்தக் குழி மூடப்படுவதைத் தம் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது மழவராயருக்கு ஏழாண்டு ஆசை. அதை அவர் மறைக்கவும் இல்லை.

குடிகளின் சொல்லை அவரவர் தொழில் செய்யும் இடத்தில் நின்று, பெயர் சொல்லிக் கேட்க வேண்டும் என்பது நம் நாட்டு முறை. உழவனை வயலில் கேட்போம், வலைஞனைத் தோணியில் கேட்போம். கரி வெட்டுபவனைக் குழிக்குள் கேட்பதுதானே முறை என்று மழவராயர் இறங்க ஆயத்தமானார். அப்போது குழிமூப்பன் சடையாண்டி அவர் காலைத் தொட்டுச் சொன்ன சொல் இது: “சாமி, எங்க மேல கோவிச்சுக்கிட்டாலும் சரி, உள்ள வந்து பேரு மட்டும் சொல்லிறாதீக. மேல சொல்ற பேரு காத்துல போயிரும். உள்ள சொல்ற பேரு போக எடமில்லாம அங்கனயே நின்னுக்கிரும். உள்ள நாங்க எல்லாரும் பங்காளிதான். பங்காளின்னே கேளுங்க.”

பங்காளி என்று எழுதினால் எந்தப் பங்காளி என்று எட்டி பூவணன் நாளை வழக்காடுவார் என்று மழவராயர் மறுத்துவிட்டார். சட்டம் படித்தவர், ஆழம் பார்க்காமல் காலை விட்டார்.

பிழை ஒன்று அதற்கு முன்பே நடந்திருந்தது. அது அரண்மனைக் கணக்கர் செய்தது. குழிக்குள் இறங்குகிற ஒவ்வொருவனும் தன் பெயர் எழுதிய ஓலை நறுக்கை வாயிலில் உள்ள ஆணியில் மாட்டிவிட்டு இறங்குவான். ஏறி வந்ததும் தன் கையாலேயே எடுத்துக்கொள்வான். பிறர் கை அதைத் தொடலாகாது. கணக்கர் போய், தொங்கிய நறுக்குகளை எல்லாம் கீழ்வரிசையிலிருந்து பார்த்துப் பெயர்களைப் பிரதி செய்து, நூற்றுமூன்று பேர் என்று பட்டியல் கொடுத்தார்கள். மேல்வரிசை நறுக்குகள் மட்டும் ஏன் கறுத்துக் கிடக்கின்றன என்று ஒருவரும் கேட்கவில்லை. ஏறி வராதவனுடைய நறுக்கை எடுக்க யாருக்கும் உரிமை இல்லை ஆதலால், அது அங்கேயே தொங்கும் என்பதை நகரத்தார் அறியார்கள்.

உச்சிப் பொழுதில் இறங்கினார்கள். அடிக்கூடத்தில் விளக்குகள் நடுவே மழவராயர் நின்று பெயர் வாசித்தார். பக்கத்தில் தத்தன் எழுதினான். எண்பது பேர் ஒவ்வொருவராய் விடை சொன்னார்கள். கரி என்றோர் முப்பத்திரண்டு பேர், காற்று என்றோர் நாற்பத்தெட்டுப் பேர். மழவராயர் முகம் மலர்ந்ததைத் தத்தன் கண்டான். அவர் தலை குனிந்தபடியே அடுத்த பெயரை வாசித்தார். கரி என்றது ஒரு குரல். அடுத்த பெயர், கரி. அடுத்ததும் கரி. விளக்குகளுக்கு அப்பால், தென்சுரங்கம் இடிந்து அடைபட்ட பக்கத்திலிருந்து அந்தக் குரல்கள் வந்தன. கூடத்தில் நின்ற எண்பது பேரும் தரையைப் பார்த்தார்கள். சடையாண்டி அமைச்சரின் மேலாடை நுனியைப் பிடித்து இழுத்தான், அவர் உதறிவிட்டார்.

கடைசிப் பெயரில் மட்டும் மழவராயர் நின்றார். அது அவர் தம்பியின் பெயர். பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கிற ஊர் அது, வேறு எவனோ என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு வாசித்தார். “கயி” என்றது குரல்.

அவர் தம்பிக்கு ரகரம் வராது. கரி வெட்டப் போகிறவனுக்குக் கரி என்று சொல்ல வரவில்லையே என்று வீட்டில் அனைவரும் கேலி செய்வார்களாம். தத்தன் கேட்டபடியே ‘கயி’ என்று எழுதினான். அந்த ஏடு இன்னும் அரண்மனையில் இருக்கிறது. வேண்டுவோர் வந்து காணலாம். தத்தன் அதை மறுமுறை பார்க்க மாட்டான்.

மேலே வந்ததும் எண்பது பேரும் தத்தம் நறுக்கை எடுத்துக்கொண்டு வீடு போனார்கள். மேல்வரிசை இருபத்துமூன்றும் ஆணியிலேயே தொங்கின.

கேளுங்கள் சபையோரே, இதற்குப் பிறகும் எட்டி பூவணன் பேரவையில் எழுந்தார். ஓலையில் ஏறிய சொல் சொல்லே என்றார். இருபத்துமூன்றையும் சேர்த்தால் கரிக்கு ஐம்பத்தைந்து, காற்றுக்கு நாற்பத்தெட்டு என்றார். செத்தவன் சொல் செல்லாது என்று எந்த ஏட்டில் எழுதியிருக்கிறது, காட்டுங்கள் என்றார். தேடிப் பார்த்தோம். எந்த ஏட்டிலும் எழுதியிருக்கவில்லை.

சொன்னவனிடம் ஒருமுறை மறுகேள்வி கேட்கலாம் என்று மட்டுமே சட்டம் இருந்தது. மழவராயரும் சடையாண்டியும் தத்தனும் மீண்டும் இறங்கினார்கள். மழவராயர் தம்பியைப் பெயர் சொல்லி அழைத்து, உன்னைத் தின்ற குழிக்கே ஏன் சொல் கொடுத்தாய் என்று கேட்டார். விடை இம்முறை இடிபாட்டுக்கு இந்தப் பக்கமிருந்து, பத்தடி தொலைவில் வந்தது.

“மூடிட்டா எங்கள யாயு கூப்பிடுவா, அண்ணே?”

மழவராயர் அழுதார். சடையாண்டி அவரைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஏறினான்.

செய்தி ஊருக்குள் பரவிவிட்டது. பெற்ற வயிறு சும்மா இருக்குமா? மறுநாள் காலையிலேயே இருபத்துமூன்று வீட்டுத் தாய்மாரும் குழிவாயில் வந்து அமர்ந்து, பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழைக்கத் தொடங்கினார்கள். மழவராயரின் தாயாரும் இருந்தார். அழைக்க அழைக்க விடை வந்தது. ஒவ்வொரு முறையும் ஒரு படி மேலே வந்தது. முதல் நாள் அடிக்கூடத்தில் கேட்டது மூன்றாம் நாள் வாயிலுக்கு ஏழு படி கீழே கேட்டது. எட்டிப் பார்த்த சடையாண்டி, தான் கண்டதைச் சொல்ல மறுத்துவிட்டான். கேட்டு எழுதவும் யாரும் துணியவில்லை. அன்று பகலே கோமகள் ஆணையிட்டார். யானைகள் பாறையை உருட்டின. மழவராயர் தம் தாயாரைத் தாமே தூக்கி அப்புறம் கொண்டுபோய் உட்காரவைத்து, தாமே திரும்பி வந்து, இருந்த இடுக்கையும் சுண்ணம் பூசி அடைத்தார்.

ஆகவே கோமகள் ஆணையாவது: இனி இறங்கப் போகாதவர்களின் சொல்லைக்கொண்டு, இறங்கப் போகிறவர்களின் வாழ்வை முடிவு செய்தல் ஆகாது. நாற்பத்தெட்டே தீர்ப்பு. குழிக்குடிகள் அனைவரும் மேல்கணவாய்க்குப் போய்ச் சக்கர வேலை ஏற்கக் கடவர். சக்கரம் சுழலும் நாள்வரை அரண்மனை நெற்களம் அவர்களுக்கும் உலை அவிந்தோருக்கும் திறந்தே இருக்கும். இறந்த இருபத்துமூவர் பெயரை எந்த ஊரிலும் எவரும் உரக்கச் சொல்லலாகாது. பிள்ளைக்கு இடவும் ஆகாது. தாய்மார் என் மகன் என்று மட்டும் சொல்லி அழக் கடவர். அடைத்த பாறைக்குப் பின்னிருந்து எவர் குரல் உங்களை அழைத்தாலும், எந்த உறவு சொல்லி அழைத்தாலும், விடை சொல்லாது கடந்து போகக் கடவீர். இதற்கு அமைச்சர் மழவராயர் முத்திரை.

முத்திரைக்குக் கீழே எழுதுவது:

மேற்கண்ட முத்திரையை மழவராயர் இன்று நண்பகல் நிறைந்த அவையில் பதித்தார். பதித்த கை ஏட்டின் மேல் இருக்கையிலேயே தலை நிமிர்ந்து, கருங்குழிக்கு வழி போகும் தென்வாசல் பக்கம் பார்த்து, “இந்தா வந்துட்டேன்டா” என்றார். அவரை எவரும் அழைக்கவில்லை. மோதிரத்தைக் கழற்றி ஏட்டருகே வைத்துவிட்டு, செருப்பும் அணியாமல் எழுந்து போனார். வாயிற்காவலர் அவர் ஏதோ அரச பணியாகப் போகிறார் என்று வழி விட்டுவிட்டார்கள்.

ஆதலால் கோமகள் தம் கையாலேயே முத்திரையிட்டுத் தரும் ஆணை: ஏழு நாட்டாரும் தென்பெருவழியில் இப்போதே ஆள் நிறுத்துக. வெறுங்காலோடு விரைந்து வருகிறவரை மறித்துப் பிடிக்க. கயிற்றால் கட்ட நேர்ந்தாலும் குற்றமில்லை. பெயர் சொல்லி மட்டும் கூப்பிட வேண்டாம். பெயர் கேட்டால் அவர் உங்கள் பக்கம்தான் திரும்புவார் என்று எங்களுக்கு நிச்சயமில்லை.