அசையாத முள்

வடுகபட்டிக் காதுகுத்துக்கு ஜீப்பில் வரமாட்டேன் என்று முனீஸ்வரி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள். தூங்கிக்கொண்டிருந்த கணவன் தங்கப்பாண்டியனுக்கு அடுப்பு மேடையில் சீட்டு எழுதி வைத்தாள்.

"சோறு வடிச்சிருக்கேன். புளிக்குழம்பைச் சூடு பண்ணிக்கிருங்க. கொதிக்குதான்னு பாக்க மீட்டர் வேண்டாம், கண்ணு போதும். நேத்து குமுளி மலையில பானெட்டுல புகை வருதுன்னு சொன்னேன். 'புதுசா மாட்டுன டெம்பரேச்சர் மீட்டர் பொய் சொல்லுமா? முள்ளு அசையவே இல்ல. நீதான் சூடாகுற'ன்னு ஏலத்தோட்டத்து ஆளுக முன்னாடி ஏசுனீக. அவுகளும் சிரிச்சாக. இனி அந்த வண்டியில நான் ஏறமாட்டேன். வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டுப் பொன்னாத்தா அக்காகிட்ட குடுத்துட்டு வாங்க."

மடிக்கப் போனவள், மனசு கேட்காமல் அடியோரத்தில் நெருக்கி நெருக்கி எழுதினாள்.

"ரேடியேட்டருக்கு ஒரு குடம் தண்ணி வாசல்ல வச்சிருக்கேன். ஊத்தாம எடுக்காதீக. பெறகு, மீட்டரு சரியாக் காட்டுதான்னு பாக்க, முந்தாநேத்து சென்சாரை இஞ்சின்லருந்து கழட்டி வெந்நியில கொதிக்க வச்சீகல்ல, அந்தக் குண்டானை இன்னைக்குத்தான் கழுவுனேன். சென்சாரு அடியிலயே கெடந்துச்சு. சீட்டு பறக்காம இருக்க மேல வச்சிருக்கேன்."